இன்னொருதடவை டாக்டர்

ஏழு வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை. இருபத்திரண்டு வருஷம் மாட்டு வார்டில் மாடு பிடித்தவன் நான். முட்டுகிற காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். எருமை உதைத்து இரண்டு விலா எலும்பு போய், கட்டுப் போட்டுக்கொண்டே வேலைக்கு வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவனைத் தூக்கி ஆறு மாதம் நாய் வார்டில் போட்டார்கள். சடை நாய்க்கு நகம் வெட்டும்போது காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. மாட்டு வார்டுக்காரன் ஒவ்வொருத்தனும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பாப்பா குளிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

அதற்குக் காரணம் ஒரு தாளில் இருந்த நாலு வரி. எழுதியது ஒரு இன்டர்ன் டாக்டர். என் மேல் பகை ஒன்றும் இல்லை, உள்ளதைத்தான் எழுதினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் எழுதியிருந்தால் சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கலாம்.

எங்களுடையது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை ஆஸ்பத்திரி. மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பாடமெல்லாம் முடித்தபிறகு ஒரு வருஷம் இன்டர்னாக வேலை பார்க்க வேண்டும். அதில் மூன்று மாதம் மாட்டு வார்டு. பார்த்த ஒவ்வொரு கேஸையும் ஒரு நோட்டில் எழுதிப் புரொபசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வருஷத்துக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள், போவார்கள். எனக்கு யார் முகமும் நிற்காது. எட்டாம் வகுப்போடு நின்றவன், பெரிய படிப்புக்காரர்கள் முகத்தை நினைவு வைத்து என்ன செய்யப்போகிறேன்? இவர் முகம் மட்டும் நின்றுவிட்டது.

ஒல்லி. குள்ளம். மாடு தலையை ஆட்டினால் கண்ணாடி பறந்துவிடும் என்று பின்னால் ஒரு கயிறு கட்டியிருப்பார். ரப்பர் பூட்ஸ் முழங்காலையும் தாண்டி நிற்கும். காய்ச்சல் பார்த்தால் ஒரு தடவை பார்த்து எழுதுவார், பிறகு அதே மாட்டிடம் போய் மறுபடி தெர்மாமீட்டரை வைப்பார். ஊசி மருந்து எடுத்தால் பாட்டில் மேல் இருப்பதை வாய்விட்டுப் படிப்பார். கொட்டகைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். எதற்கெடுத்தாலும், "இன்னொரு தடவை பாத்துடலாமா அண்ணே?" என்பார். முதல் வாரத்திலேயே 'இன்னொருதடவை டாக்டர்' என்று பேர் விழுந்துவிட்டது. பேர் வைத்தவன் நான்தான்.

"டாக்டரே, செத்த மாட்டைக்கூட இன்னொரு தடவை எழுப்பிப் பாப்பீங்க போல" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"எங்கப்பா பஸ் டிரைவர் அண்ணே. தினம் காலையில பஸ்ஸை ஒரு சுத்துச் சுத்தி ஆறு டயரையும் தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவாரு. பின்னாடி நிக்கிற பஸ்காரங்க ஹாரனை அடிச்சிக்கிட்டே இருப்பாங்க. அவரு பாட்டுக்குத் தட்டுவாரு."

"டயர் வெடிச்சிருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல."

"பின்ன எதுக்குத் தட்டணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பயந்த சுபாவம் என்று முதலில் நினைத்தேன். நரம்பு தேடும்போது விரல் நடுங்கும். ஆனால் ஊசி முதல் குத்திலேயே நரம்புக்குள் போய்விடும். மத்தியானம் அவருடைய அம்மா போன் செய்வார். கையில் டிபன் டப்பாவைத் திறக்காமலே, "சாப்ட்டேன்மா, சாப்ட்டேன்மா" என்பார். அதில் மட்டும் இன்னொரு தடவை பார்க்கிற வழக்கம் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வராந்தாவில் பதினேழு மாடு வரிசையில் நின்றது. சீட்டு எழுதுகிற கிளார்க் லீவு. நானே கேஸ் ஷீட்டில் பேர் எழுதிக்கொண்டு, நானே மாட்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன வேனில் சிவப்புக் கறவை மாடு ஒன்று வந்தது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் தொங்கியது.

"என்னப்பா?" என்றேன் வேன்காரனிடம்.

"தொண்டையில கிழங்கு மாட்டிக்கிச்சாம். ரெண்டு நாளா தண்ணிகூட இறங்கலயாம்."

"யார் மாடு?"

"நம்ம மாடுதான்ணே. சீக்கிரம் எழுதுங்க, எனக்கு வேற லோடு இருக்கு."

அவன் பேரையே உரிமையாளர் என்று எழுதி, அவன் சொன்ன நம்பரைப் போட்டேன். வேன்காரன் பேச்சில், வண்டியில் ஏறின எல்லா மாடும் 'நம்ம மாடு'தான். அது எனக்குத் தெரியாததா? அவசரத்துக்கு எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். ஓனர் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து சேர்வார், அப்போது அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

டாக்டர் ஷீட்டை எட்டிப் பார்த்தார். "இவரா ஓனரு? மாடு இவரைத் திரும்பிக்கூடப் பாக்கல. இன்னொரு தடவை கேட்டுடுங்களேன்."

"எழுதியாச்சு டாக்டரே. என்ன, சம்பந்தமா பேசப் போறோம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அந்த ஒரு தடவைதான் அவர் விட்டது. வேன்காரன் மாட்டை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

மாட்டைக் குழாய்ச் சட்டத்துக்குள் நிறுத்தி, வாய் மூடாமல் இருக்க இரும்பு மாட்டினோம். டாக்டர் தோள்வரை வருகிற கையுறையைப் போட்டு, அதன் மேல் இன்னொன்றும் போட்டார். "நீங்களும் போட்டுக்கங்கண்ணே" என்று ஒரு ஜோடியை நீட்டினார்.

"இருபது வருஷமா வெறுங்கையாலதான் மூக்கைப் பிடிக்கிறேன். இந்த மாடா என்னைத் தின்னுடப் போகுது?"

மூக்கைப் பிடித்துத் தலையை உயர்த்தினேன். எச்சில் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. அவர் கையை உள்ளே விட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"இன்னும் உள்ள போங்க."

"முழங்கை வரைக்கும் போயாச்சு. தொண்டை காலியா இருக்கு. ஆனா இறுக்கிப் பிடிக்குது."

அப்போது மாடு கத்தியது. மாடு கத்துகிற மாதிரியே இல்லை. தொண்டை கட்டின ஆள் அழுகிற மாதிரி ஆரம்பித்து, முடிவில் இரண்டாக உடைந்தது. டாக்டர் மெதுவாகக் கையை வெளியே எடுத்தார்.

"அண்ணே, மூக்கை விடுங்க."

"விட்டா தலையை ஆட்டும்."

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

மூன்று மாதத்தில் அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். விட்டேன். என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்புக் கட்டியைக் கையில் திணித்தார். "பதினஞ்சு நிமிஷம். நான் வாட்ச் பாக்குறேன்." என் பெருவிரல் நகக்கண்ணில் தோல் கிழிந்திருந்தது. சோப்பு பட்டதும் சுருக்கென்றது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

நாய்க்கு வருகிற வெறிநோய் மாட்டுக்கும் வரும். வெறிநாய் கடித்து எத்தனையோ நாள் கழித்து வரும். தொண்டை இறுகிப்போய் எச்சிலைக்கூட விழுங்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு என்னவோ அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும், கையை உள்ளே விடுவார்கள். அந்த எச்சிலில்தான் நோய் இருக்கிறது. மனுஷனுக்கு அது தலைகாட்டிவிட்டால் மருந்தே கிடையாது. தலைகாட்டுவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம். ஆஸ்பத்திரியில் எங்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஊசி போட்டிருந்தார்கள். அதனால் எனக்கும் டாக்டருக்கும் மேற்கொண்டு இரண்டு ஊசி போதும் என்றார்கள். போட்டுக்கொண்டோம். இருந்தாலும் அன்று வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையைக் கவனித்துக்கொண்டே குடித்தேன்.

மாட்டைத் தனிக் கொட்டகையில் கட்டினோம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது செத்தது. அறுத்துப் பார்த்ததில் தொண்டையில் கிழங்கு இல்லை, ஒரு துரும்புகூட இல்லை. மூளையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை காலை முடிவு வந்தது. வெறிநோய்தான்.

எல்லாரும் கொட்டகையை மருந்து போட்டுக் கழுவுவதில் மும்முரமாக இருந்தோம். டாக்டர் மட்டும் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ரெண்டு நாளா தண்ணி இறங்கலயாம்னு சொன்னாரே வேன்காரரு. யாரு அவருக்குச் சொன்னது? கிழங்கு மாட்டியிருக்குன்னு யாரு கண்டுபிடிச்சது?"

"யாரோ ஓனரு."

"அந்த ஆளு வாய்க்குள்ள கையை விட்டுப் பாத்திருப்பாரு இல்ல? வெறுங்கையோட. அவருக்கு யாரு ஊசி போடுறது?"

ஷீட்டில் இருந்த நம்பரை அடித்தோம். அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றது. பத்துத் தடவை அடித்தோம். பத்துத் தடவையும் அதே குரல்.

அவர் உட்கார்ந்து புரொபசருக்கு ஒரு தாள் எழுதினார். தோள்வழியாகப் பார்த்தேன். 'மாட்டின் உரிமையாளர் யார் என்று தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் வேன் ஓட்டுநரின் பெயர் உரிமையாளராக எழுதப்பட்டுள்ளது. எழுதியவர் வார்டு ஊழியர். சரிபார்க்காமல் விட்டவள் நான்.'

"என்னையா எழுதுனீங்க?" என்றேன்.

"என்னையும்தான் எழுதியிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எழுத விட்டிருப்பீங்களா? தப்பு எங்கன்னு சொல்லாம எப்படித் தேடச் சொல்றது?" மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, "வேன்காரர் முகத்தை நல்லாப் பாத்தவர் நீங்கதான். எங்கூட வர்றீங்களா?" என்றார்.

காட்டிக் கொடுத்துவிட்டு அதே மூச்சில் துணைக்குக் கூப்பிடுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். போகாமல் இருந்திருப்பேன். அந்த நகக்கண் எரிந்துகொண்டே இருந்தது. எனக்காவது ஊசி போட்டாயிற்று.

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். என் எடைக்குப் பின் டயர் நசுங்கியது. வேன் ஸ்டாண்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அவனா? துறைமுகத்துக்கு லோடு ஏத்திட்டுப் போயிட்டான். வர்றதுக்குப் பத்து பதினஞ்சு நாள் ஆகும்."

"திங்கக்கிழமை யாரோட மாட்டை ஏத்திட்டு வந்தாருன்னு தெரியுமா?" என்றார் டாக்டர்.

"தினம் எத்தனை மாடு ஏத்துறோம். மாடு என்ன, விலாசம் சொல்லிட்டா ஏறுது?"

புரொபசர் சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். "ஆளைத் தேடுறது அவங்க வேலைம்மா. நீ வார்டைப் பாரு. வருகை குறைஞ்சா இந்த மூணு மாசத்துக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. சட்டம் அது. வியாழக்கிழமை சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தோம். கடிதம் இன்னும் மேஜைக்கு வரவில்லை என்றார்கள்.

அன்றைக்கு அவர் ஒரு நிலையில் இல்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். "திங்கக்கிழமை கொண்டு வந்தாங்க. கை விட்டது ஞாயிறா இருக்கும். சனியாக்கூட இருக்கலாம். இன்னிக்கோட அஞ்சு நாள் அண்ணே." வேறொரு மாடு கன்று போட முக்கிக்கொண்டிருந்தது, கையை உள்ளே விட்டபடியே, "அஞ்சு நாள்" என்றார். மாட்டுக்காரர் பயந்துபோய், "என்னது, அஞ்சு நாள் ஆகுமா?" என்று என்னைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை போஸ்ட்மார்ட்டம் கூடத்துக்குப் போனார். நானும் போனேன். அங்கே மாடு அறுக்கிறவன் என் பழைய கூட்டாளி.

"அண்ணே, அந்தச் சிவப்பு மாட்டு ரிஜிஸ்டரை இன்னொரு தடவை பாக்கணும்" என்றார் டாக்டர்.

"தொண்டை காலி, மூளை அனுப்பியாச்சு. வேற என்ன பாக்கணும்?"

"வயித்துல என்ன இருந்துச்சு?"

அவன் சிரித்தான். "ஒரு பேக்கரியே இருந்துச்சு. பூரா ரொட்டி. அதுவும் அடி கருகின ரொட்டி. ஊறிப்போயும் கறுப்பு போகல."

டாக்டர் என் முழங்கையைப் பிடித்தார். "வைக்கோல் தின்னா எந்த ஊரு மாடுன்னு தெரியாது. கருகின ரொட்டியை மூட்டை மூட்டையா யாரு குடுப்பாங்க?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ரொட்டி தொழிற்சாலை இருக்கிறது. அடுப்பில் கருகியதையும் உடைந்ததையும் பின்வாசலில் சாக்கில் கட்டி மாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். டாக்டர் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். புரொபசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கையெழுத்து…" என்று ஆரம்பித்தார். "ஒரு வாரம் கூடவே இருந்து ஈடு பண்ணிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்வாசல் பூட்டியிருந்தது. சாக்கு கொடுப்பது காலையில் மட்டும், நாளைக்கு வாருங்கள் என்று உள்ளிருந்து குரல் வந்தது. டாக்டர் கதவின் ஓட்டையில் வாயை வைத்து, "ஒரு ஆளோட உயிர் போயிடும்ணே, தயவு செஞ்சு" என்று கத்தினார். யாரும் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் போய் நின்றோம். வாட்ச்மேன் பெரிய மீசைக்காரர்.

"ரொட்டி வாங்குறவங்க மொத்தம் எட்டுப் பேர். யாரு வேணும்?"

"இந்த வாரம் வராதவங்க யாராவது இருக்காங்களா?"

அவர் மீசையைத் தடவினார். "ஒரு அம்மா வரல. மேம்பாலத்துக்குக் கீழ வீடு. ஒரு சிவப்பு மாடு, ஒரு கன்னுக்குட்டி. புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருக்காரு. அந்தம்மா மூட்டையும் அப்படியே கிடக்கு. எடுத்துட்டுப் போய்க் குடுத்துடுறீங்களா?"

அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். கருகிய வாசனை மூக்கில் ஏறியது.

தகரம் வேய்ந்த வீடு. வாசலில் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் இடது கையால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் ஒரு பழைய துணியைச் சுற்றியிருந்தார். டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்தா வர்றீங்க? மாடு எப்படிம்மா இருக்கு? வேன்காரன் சேத்துட்டேன்னு போன்ல சொன்னான், அப்புறம் அவன் போனே எடுக்கல. நானே வரலாம்னா கன்னை யாருகிட்ட விடுறது? இன்னிக்கு வரலாம்னு இருந்தேன். கிழங்கை எடுத்துட்டீங்களா?"

மாடு செத்த சேதி இவருக்குத் தெரியாது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. மூட்டையோடு நான் நின்ற கோலம் இன்னும் மோசம்.

"அக்கா, மாடு போயிடுச்சு" என்றார் டாக்டர். "கிழங்கு இல்லக்கா. வெறிநோய்."

அந்த அம்மா என்மேல் பாய்ந்தார். "நடந்து வேன்ல ஏறின மாடுய்யா அது! உங்ககிட்ட விட்டா ஒரே வாரத்துல கொன்னுட்டு, இப்ப நோயா? ரொட்டி மூட்டையைத் தூக்கிட்டுத் துக்கம் கேக்க வந்தியா?"

"அக்கா, கையில என்ன?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல. பல்லு கிழிச்சிடுச்சு."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. கிழங்கை எடுக்க உள்ள விட்டேன்."

டாக்டர் துணியை அவிழ்த்தார். இரண்டு விரலுக்கு நடுவே நீளமான காயம், ஓரம் சிவந்திருந்தது.

"இப்பவே கிளம்புங்கக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு."

"நான் எங்கயும் வரல. முதல்ல கன்னைப் பாருங்க. அதுவும் அந்த மாட்டுப் பாலைத்தான் குடிச்சுது. அதுக்கு ஊசி போட்டா நான் வர்றேன்."

மாட்டு டாக்டரிடம் இப்படிக் கேட்டால் எந்த இன்டர்னும் கன்றுப் பக்கம்தான் திரும்புவார். இவர் திரும்பவில்லை. "இல்லக்கா. முதல்ல நீங்க. கன்னுக்கு நான் திங்கக்கிழமை வந்து போடுறேன். உங்களுக்குத் திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அப்போதுதான் பயம் தட்டியது. என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கையை உருட்டி, ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன். "நானும் அந்த எச்சில்ல கையை வச்சவன்தாம்மா."

பெரிய ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, காயத்தைச் சுற்றியே ஒரு மருந்தைக் குத்தினார்கள். விரலிடுக்கில் போடுகிற ஊசி. அந்த அம்மா துடித்த துடிப்பில், மாட்டைப் பிடிக்கிற மாதிரி தோளைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ், "ஐயா, கொஞ்சம் மெதுவா பிடிங்க, மனுஷி" என்றார். பிறகு மேல்கையில் முதல் ஊசி. மொத்தம் ஐந்து. அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஆறு நாள் தாமதமாகிவிட்டதே என்று டாக்டர் கேட்டதற்கு, அங்கே டாக்டராக இருந்த பெரியவர், "போட்டாச்சு, இனிமே பாக்கலாம்" என்றார். 'பாக்கலாம்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு இவர் நான்கு நாள் தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊசி போட்டார்கள். கன்றுக்குத் திங்கட்கிழமையே ஊசி போட்டு வந்திருந்தோம். டாக்டர் தினமும் மத்தியானம் போன் செய்வார். "சாப்ட்டீங்களாக்கா? தண்ணி குடிச்சீங்களா? கை குறுகுறுக்குதா?" கேட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அந்தப் பக்கம் "இல்ல" என்றதும்தான் டிபன் டப்பா திறக்கும்.

வியாழக்கிழமை அந்த அம்மாவே போன் செய்தார். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். போனை மூடிவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம். காயத்துலேர்ந்து முழங்கை வரைக்கும்" என்றார்.

எனக்கும் தெரியும். கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு, அதுதான் முதல் அடையாளம். அதற்கப்புறம் ஒரு வழியும் இல்லை.

ஸ்கூட்டரை எடுத்தோம். ஒரு திருப்பத்தில் லாரி உரசிக்கொண்டு போனது, அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் முன்னால் இருபது பேர். டாக்டர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெரியவர் கையைத் திருப்பிப் பார்த்தார், அழுத்தினார், விரலை மடக்கச் சொன்னார். பிறகு நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த டம்ளர் வர இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நோய் வந்துவிட்டால் தண்ணீரைக் கண்டதுமே தொண்டை பிடித்துக்கொள்ளும். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும். டாக்டர் என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

அந்த அம்மா டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காயத்தில் சீழ் கோத்து நரம்பை அழுத்துகிறது, அதனால்தான் குறுகுறுப்பு என்று பெரியவர் சொன்னார். கீறிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இருந்தாலும் ஊசியை ஒண்ணுகூட விடக்கூடாது. அஞ்சும் போட்டாத்தான் நான் பேசுவேன்" என்றார். வெளியே வந்ததும் டாக்டர் சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார். அந்த அம்மா என்னிடம், "ஏய்யா, இந்தப் பொண்ணு வேளாவேளைக்குச் சாப்பிடுதா இல்லையா?" என்று கேட்டார். "போன்ல சாப்பிடும்" என்றேன்.

மூன்றாவது ஊசி, நாலாவது ஊசி இரண்டுக்கும் டாக்டரே ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். குறுகுறுப்பு நின்றுவிட்டது. வேன்காரன் பதினைந்தாம் நாள் வந்து சேர்ந்தான். "அய்யோ, அந்தம்மா பேரை உங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேன்" என்று தலையில் கைவைத்தான். அவனையும் ஊசிக்கு அனுப்பினோம்.

ஈடு செய்யவேண்டிய ஒரு வாரத்தையும் முடித்து, புரொபசரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை அவர் கிளம்பினார். அடுத்த பயிற்சி எட்டு மணி நேரப் பிரயாணத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில். வார்டு வாசலில் பெட்டியோடு நின்றவர் என்னைத் தேடிக் கொட்டகைக்கே வந்தார். நான் சரியாக முகம் கொடுக்கவில்லை. விசாரணைக்கு வரச்சொல்லி அன்று காலைதான் எனக்குத் தாள் வந்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"அண்ணே, அஞ்சாவது ஊசிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. சனிக்கிழமை" என்றார். "நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிட்டு அக்கா வீட்டுலயே இருந்துடுவாங்க. நான் போன்ல சொன்னா சரி சரிம்பாங்க, போக மாட்டாங்க. நீங்க காலையிலேயே அவங்க வீட்டுக்குப் போயிடுங்க. கன்னை யாரு பாத்துக்கிறதுன்னு கேப்பாங்க, அதுக்கும் ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. ஊசி கையில இறங்குறதை உங்க கண்ணால பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. போட்டிருப்பாங்கன்னு சொல்லாதீங்கண்ணே. போட்டாங்க, நான் பாத்தேன்னு சொல்லுங்க."